அமைச்சர் வெளிநடப்பு

தொழிலாளர் துறை அமைச்சர் முத்தையன் பேச்சுவார்த்தைக் கூடத்துக்குள் வந்ததும் நேராகத் தொழிலாளர் வரிசைக்குப் போய்ச் சங்கத்துச் செல்லக்கண்ணுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். உட்கார்ந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு, எதிர் வரிசையில் இருந்த மரகதம் டைல்ஸ் கம்பெனி மேலாளர் ஜெயபிரகாஷை நன்றாக ஒரு முறை முறைக்கவும் செய்தார். அதற்குப் பிறகுதான் கூடத்தில் யாரும் வாயைத் திறக்கவில்லை என்பது அவருக்கு உறைத்தது. தொழிலாளர் அலுவலர் இஃபாத் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். வாசலில் பாதுகாப்புக் காவலர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செல்லக்கண்ணு காதோரம் சாய்ந்து மெல்லச் சொன்னார்: "அண்ணே, ஒங்க நாற்காலி அங்க இருக்கு."

மேசையின் தலைப்பக்கத்தில் உயரமான முதுகு வைத்த நாற்காலி ஒன்று காலியாக இருந்தது. முத்தையன் எழுந்து, நலம் விசாரிக்கத்தான் இந்தப் பக்கம் வந்ததுபோல, "சாப்பிட்டீங்களா, வீட்ல எல்லாரும் சௌக்கியமா" என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போய் அதில் சேர்ந்தார். கேட்கப்பட்டவர்கள் அத்தனை பேரும் சங்க நிர்வாகிகள். வீட்டில் யார் எப்படி இருக்கிறார்கள் என்பது அவருக்கு அவர்களைவிட நன்றாகத் தெரியும்.

கால்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. முப்பது வருடமாக எந்தப் பேச்சுவார்த்தைக்குப் போனாலும் தொழிலாளர் வரிசைக்குப் போய்ப் பழகிய கால்கள். நெடுங்காட்டில் விவசாயக் கூலியின் மகனாகப் பிறந்து, பத்தாம் வகுப்புக் கணக்கில் கோட்டை விட்டு, மரகதம் டைல்ஸில் மண் தள்ளும் வேலைக்குச் சேர்ந்தவர் முத்தையன். சேர்ந்த சில மாதத்திலேயே சூளைப் பகுதிக்குக் குடிதண்ணீர் வேண்டும் என்று குரல் கொடுத்தார். தண்ணீர் வந்தது, வேலை போனது. போன வேலையைக் கேட்பதற்காகச் சங்கம் வந்தது. வேலை திரும்பக் கிடைத்த பிறகும் சங்கம் போகவில்லை. கொஞ்ச நாளில் அதுவே அவருக்கு வேலையாகிவிட்டது. மறியல், கைது, ஜாமீன், மாலை, மறுபடி மறியல் என்று காலம் ஓடியது. கல்யாணத்தன்றுகூட மாலையும் கழுத்துமாகக் கம்பெனி வாசலுக்குப் போய் அரை மணி நேரம் பேசிவிட்டு வந்தவர். அந்த அரை மணி நேரத்தை மனைவி அஞ்சுகம் இன்னும் மன்னிக்கவில்லை.

இடையில் தேர்தலிலும் நின்றார். சுயேச்சையாக மூன்று முறை நின்று மூன்று முறையும் டெபாசிட்டைப் பறிகொடுத்தார். நான்காவது முறை பெரிய கட்சிகள் இரண்டிலும் உள்சண்டை முற்றி ஆளுக்கொரு போட்டி வேட்பாளர் முளைத்ததில் ஓட்டு சிதறி, முத்தையனே எதிர்பாராமல் ஜெயித்துத் தொலைத்தார். புதுச்சேரியில் ஆட்சி அமைக்க வந்த கூட்டணிக்குச் சரியாக ஓர் ஆள் குறைந்தது. தொழிலாளிக்காகப் பேசுகிறவருக்குத் தொழிலாளர் துறை என்று ஒரே மூச்சில் முடிவாகிவிட்டது. பதவியேற்புக்குக் காரைக்காலிலிருந்து இரண்டு பஸ்ஸில் ஆட்கள் போனார்கள். ஆளுநர் மாளிகை வாசலில் செல்லக்கண்ணு உணர்ச்சிவசப்பட்டு, "தொழிலாளர் துறை அமைச்சர்!" என்று நரம்பு புடைக்கக் கத்தினார். பின்னால் இருந்த கூட்டம் பல வருடப் பழக்கத்தில் ஒரே குரலாக "ஒழிக!" என்று முடித்துவைத்தது.

அமைச்சர் வேலை அவருக்குப் பிடிக்கவில்லை என்று சொல்ல முடியாது. பிடித்துத்தான் இருந்தது. கார் பிடித்திருந்தது. ஆனால் காரைக்காலிலிருந்து புதுச்சேரிக்குப் போகும்போது எல்லையில் பூவம் தாண்டினால் தமிழ்நாடு. அங்கே அவரை யாருக்கும் தெரியாது. போலீஸ்காரர்கள் சல்யூட் அடிக்க மாட்டார்கள், சுங்கச்சாவடியில் வண்டியை ஓரம் கட்டி விசாரிப்பார்கள், ஓட்டலில் பக்கத்து இலைக்காரர் சாம்பார் வாளியைத் தள்ளச் சொல்வார். புதுச்சேரி எல்லையான முள்ளோடை வந்ததும் மறுபடியும் அமைச்சர். "நடுவுல கொஞ்ச நேரம் மனுசனா இருக்கேன் புள்ள" என்று அஞ்சுகத்திடம் சொல்வார். பிடிக்காத ஒரே காரியம் கோப்புகளில் 'அரசு பரிசீலிக்கும்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது. அந்த இரண்டு வார்த்தைகளைக் கேட்டதும் சட்டசபை வரைக்கும் கேட்கும்படி வைதவர் அவர். இப்போது தினமும் காலையில் நாலைந்து பரிசீலிக்கிறார்.

இன்றைய சங்கதி அதைவிட மோசம். மரகதம் டைல்ஸ் மூடிக் கிடந்தது. உற்பத்திச் செலவு கட்டுப்படியாகவில்லை என்று கம்பெனி கதவடைத்து ஐந்தாறு மாதமாகிறது. திறக்கத் தயார், ஆனால் பேக்கிங் பகுதிக்கு இயந்திரம் வரும், அங்கே ஒப்பந்தக் கூலிக்கு டைல்ஸை அட்டைப்பெட்டியில் அடுக்கிக் கட்டுகிற நாற்பது பெண்களும் வேண்டாம் என்பது அவர்கள் பேச்சு. நிரந்தரத் தொழிலாளிகள் அப்படியே உள்ளே போகலாம். ஒப்பந்தம் தட்டச்சாகி மேசைமேல் இருந்தது. மேலிடத்திலிருந்து நேற்று மாலை முத்தையனுக்கு ஃபோன் வந்தது. இன்று கையெழுத்தாக வேண்டும், இல்லையென்றால் துறையை வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று, பாயசத்தில் முந்திரி போட்ட மாதிரிச் சொன்னார்கள். சரி, முதலில் கதவு திறக்கட்டும், பெண்கள் விஷயத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று முத்தையன் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வந்திருந்தார். சங்கத்தைச் சம்மதிக்கவைக்கிற பொறுப்பும் அவருடையதுதான்.

சங்கத்துக்கு இப்போது பொதுச்செயலாளர் செல்லக்கண்ணு. முத்தையனின் நிழலாகவே வளர்ந்தவர். அவர் இன்றைக்குப் புதிதாக ஒரு காரியம் செய்திருந்தார். பேக்கிங் பெண்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று யாரும் நாளைக்குச் சொல்லிவிடக்கூடாது என்பதற்காக, அவர்களில் ஒருவரைக் கூட்டி வந்திருந்தார். வரிச்சிக்குடி கமலாம்பாள், ஐம்பது வயதுக்காரி, கிளிப்பச்சைப் புடவையில் வரிசையின் கடைசியில் உட்கார்ந்திருந்தாள். பேச்சுவார்த்தைக்கு வருவது அவளுக்கு இதுதான் முதல் தடவை. வழியில் செல்லக்கண்ணு படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்: "நீங்க ஒண்ணும் பேச வேணாங்க்கா. சும்மா ஒக்காந்திருந்தா போதும். நான் சொல்ற வரைக்கும் எந்திரிக்காதீங்க."

பேச்சு ஆரம்பித்தது. ஜெயபிரகாஷ் இயந்திரத்தின் அருமை பெருமைகளைச் சொன்னார். செல்லக்கண்ணு எழுந்து, "மாண்புமிகு தொழிலாளர் துறை அமைச்சர் அவர்களே" என்று தொடங்கினார். சற்றுமுன் காதோரம் 'அண்ணே' என்று கூப்பிட்ட வாயிலிருந்து அந்த மாண்புமிகு வரும்போது முத்தையனுக்குப் பல்லில் மணல் கடிபட்டது. நாற்பது குடும்பத்தைத் தெருவில் நிறுத்துகிற ஒப்பந்தத்தைச் சங்கம் குப்பையில் போடும் என்று செல்லக்கண்ணு மேசையைத் தட்டினார். தட்டிய இடமும் தட்டிய வேகமும் முத்தையன் சொல்லிக்கொடுத்தவை. 'மொதத் தட்டு பொதுவா, ரெண்டாவது தட்டு தண்ணி டம்ளருக்குப் பக்கத்துல' என்பது பாடம். டம்ளர் குலுங்கியது. அமைச்சருக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. அதை மறைக்க இருமிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. ஏசி நின்றது, மின்விசிறி நின்றது. ஜன்னல்களைத் திறந்து வைத்தார்கள். வெளியே நிலக்கரி லாரி ஒன்று துறைமுகத்துப் பக்கம் உறுமிக்கொண்டு போயிற்று. முத்தையனுக்குக் கழுத்தில் வியர்வை ஊற்றியது. இடது தோளில் கிடந்த துண்டை எடுத்தார். முகத்தைத் துடைத்தார், கழுத்தைத் துடைத்தார், துண்டை ஒரு உதறு உதறி வலது தோளில் போட்டுக்கொண்டார்.

தொழிலாளர் வரிசை மொத்தமும் எழுந்துவிட்டது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பேச்சுவார்த்தையில் வெளிநடப்பு என்பது கோபத்தில் செய்கிற காரியம் இல்லை. கோபம் மாதிரித் தெரிய வேண்டிய காரியம். அதற்காக முத்தையன் வகுத்த முறை அது. அவருடைய துண்டு உதறப்பட்டு இடது தோளிலிருந்து வலது தோளுக்குப் போனால் அத்தனை பேரும் எழ வேண்டும். யாரும் யாரையும் பார்க்கக்கூடாது, பாதி வாக்கியத்தில் இருந்தால் பாதியிலேயே விட வேண்டும், நாற்காலிகள் பின்னால் நகர்கிற சத்தம் ஒரே சத்தமாகக் கேட்க வேண்டும். வெளியே போய் எதிரில் எந்த டீக்கடை இருக்கிறதோ அங்கே நிற்க வேண்டும். இரண்டாவது டீ முடிவதற்குள் கூப்பிட ஆள் வரும். எத்தனையோ நிர்வாகங்களிடம் பலித்த முறை. அதைச் செய்துசெய்து, துண்டு தோள் மாறினால் மூளையைக் கேட்காமலே முழங்கால் நிமிர்கிற நிலைக்கு அத்தனை பேரும் வந்திருந்தார்கள்.

அத்தனை பேரும் என்றால் முத்தையனும்தான். நாற்காலிகள் நகர்ந்த சத்தம் கேட்டதும் அவர் எழுந்து, கூட்டத்துக்கு முன்னால் போய், வராந்தாவில் இறங்கி, "யாரும் திரும்பிப் பாக்காதீங்க" என்று அடிக்குரலில் சொல்லிக்கொண்டே சாலையைக் கடந்துவிட்டார். பாதுகாப்புக் காவலரும் துப்பாக்கியோடு பின்னாலேயே வெளிநடப்பு செய்தார். அமைச்சர் போகிற இடத்துக்குப் போவது அவர் வேலை.

டீக்கடைப் பந்தலுக்குள் வந்து நின்று, "ஏழு டீ போடுங்க" என்று கையைத் தூக்கியபோதுதான் முத்தையனுக்குத் தான் யார் என்பது நினைவு வந்தது. தூக்கிய கை அப்படியே நின்றது.

"அண்ணே, நீங்க ஏன் வந்தீங்க?" என்றார் செல்லக்கண்ணு.

"நீங்கள்லாம் ஏன்டா எந்திரிச்சீங்க?"

"துண்ட மாத்துனது யாரு?"

"வேர்த்துச்சுடா!"

"வேர்த்தா தொடச்சிட்டு அதே தோள்ல போட வேண்டியதுதானே. ஒதற வேற ஒதறுறீங்க!"

முத்தையன் காவலரைப் பிடித்துக்கொண்டார். "ஏம்ப்பா, டீக்கடைல துப்பாக்கியோட நின்னா சனம் பயப்படாதா? அந்தக் கேட்டுப் பக்கம் போயி நில்லு." காவலர் போனார். டீ வந்தது. ஆளுக்கொரு கிளாஸைக் கையில் வாங்கிக்கொண்டு, பழக்கப்படி, எதிர்க் கட்டடத்தைப் பார்க்காத மாதிரிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

முதல் டீ முடிந்தது. இரண்டாவது டீயும் பாதிக்கு வந்தது. கூப்பிட யாரும் வரவில்லை.

"ஆள் அனுப்புவாங்களா மாட்டாங்களா?" என்றார் ஒரு நிர்வாகி.

"அவங்க எப்புடி அனுப்புவாங்க? இது அமைச்சர் முன்னிலைல நடக்குற பேச்சுவார்த்த. அமைச்சருதான் ஆள் அனுப்பணும்" என்றார் செல்லக்கண்ணு.

"நான்தான் இங்க நிக்கிறேனே!"

"அப்ப நீங்க உள்ள போயி ஒக்காந்து ஆள் அனுப்புங்கண்ணே. நாங்க வர்றோம்."

நியாயமான யோசனைதான். ஆனால் முத்தையனுக்குக் கால் வரவில்லை. கூப்பிடாமல் திரும்பி உள்ளே போனது என்று அவர் வாழ்க்கையில் ஒரு தடவைகூடக் கிடையாது. அதற்கும் மேலே ஒரு காரணம் இருந்தது. அவருக்கு அங்கே நிற்பது சந்தோஷமாக இருந்தது. வெட்கமில்லாத சந்தோஷம். அமைச்சரான பிறகு வெள்ளைக் கோப்பையில் சாசர் வைத்து வந்த எந்த டீயும் தொண்டைக்குக் கீழே டீயாக இறங்கியதில்லை. இந்தக் கிளாஸ் விரலைச் சுட்டது, டீயில் சர்க்கரை தூக்கலாக இருந்தது, பக்கத்தில் செல்லக்கண்ணுவின் சட்டையில் பழைய வியர்வை வாடை அடித்தது. இன்னொரு டீ சொல்லலாமா என்று யோசித்தார்.

செல்லக்கண்ணு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அண்ணே, நெசமாவே எங்கள அதுல கையெழுத்துப் போடச் சொல்லப் போறீங்களா?"

முத்தையன் கிளாஸுக்குள் பார்த்தார். "மொதல்ல கதவு தொறக்கட்டும்டா. மத்தத அப்புறமா பாத்துக்கலாம்."

சொன்ன மறுகணமே தான் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. வாசல் கூட்டங்களில் முதலாளி மாதிரிக் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, மூக்கால் பேசி, 'மொதல்ல கதவு தொறக்கட்டும்' என்று அவர் நடித்துக் காட்டினால் கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். ஊரூராகக் கேட்டு வாங்கிய நடிப்பு. இப்போது கழுத்தைக்கூடச் சாய்க்காமல் சொல்லியிருந்தார். யாரும் சிரிக்கவில்லை.

செல்லக்கண்ணு கேலி செய்வார் என்று எதிர்பார்த்தார். அவரோ டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நான் மட்டும் என்னண்ணே. போட்டுடலாம்னுதான் வந்தேன். ஆறு மாசமா ஒருத்தன் வீட்லயும் ஒல நேரத்துக்குக் கொதிக்கல. ரெண்டு தடவ மேசையத் தட்டி, ஒரு தடவ வெளிய வந்துட்டு, மூணாவது சுத்துல போட்டுடலாம்னு நெனச்சேன். அந்தக்காவ ஒப்புக்குத்தான் கூட்டியாந்தேன்."

சொல்லிவிட்டுத் தலையைத் தூக்கியவர், சுற்றி நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். முகம் மாறியது.

"கமலாம்பாக்கா எங்க?"

எல்லோரும் ஒன்றாகத் திரும்பி எதிர்க் கட்டடத்தைப் பார்த்தார்கள். வெளிநடப்பு வரலாற்றிலேயே முதல் முறையாகத் திரும்பிப் பார்த்தார்கள். சாலைக்கு அப்பால், திறந்து கிடந்த ஜன்னல் வழியாகக் கிளிப்பச்சைப் புடவை தெரிந்தது. கமலாம்பாள் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"அய்யய்யோ" என்று செல்லக்கண்ணு தலையில் கையை வைத்துக்கொண்டார். "நான் சொல்ற வரைக்கும் எந்திரிக்காதீங்கன்னு நாந்தானே சொன்னேன். அந்தக்காவுக்குத் துண்டு சமாச்சாரமே தெரியாதேண்ணே."

முத்தையன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார். கமலாம்பாள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. பேசிக்கொண்டிருந்தாள். கையை நீட்டிப் பெட்டி அடுக்குகிற மாதிரி ஏதோ காட்டினாள். ஜெயபிரகாஷ் தலையாட்டி மறுப்பது தெரிந்தது. அவள் மறுபடியும் பேசினாள். இந்த முறை அவர் தலையாட்டவில்லை, முன்னால் சாய்ந்து கேட்டார். அந்த மனிதர் முன்னால் சாய்ந்து முத்தையன் பார்த்ததே இல்லை. இவர்கள் பேசும்போதெல்லாம் அவர் நாற்காலியில் பின்னால் சாய்ந்து, எப்போது துண்டு தோள் மாறும் என்று காத்திருப்பவர்.

"என்ன பேசுறாங்க?"

"என்னத்தப் பேசினாலும் போய் நிறுத்தணும்ணே. ஏதாவது எசகுபிசகா ஒத்துக்கிட்டாங்கன்னா?"

"எசகுபிசகா ஒத்துக்கத்தானடா நாம ரெண்டு பேரும் வந்தோம்" என்றார் முத்தையன்.

அப்போது இஃபாத் வராந்தாவில் இறங்கிச் சாலையைக் கடந்து வருவது தெரிந்தது. வரிசை மொத்தமும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டது. முத்தையன் கிளாஸைக் கீழே வைத்தார்.

"கூப்புட வந்தீங்களா?" என்றார்.

"இல்லைங்க சார்." இஃபாத் சங்கடத்தோடு நெளிந்தார். "அந்தம்மா ஒப்பந்தத்த முழுசா படிக்கணும்னு சொல்றாங்க. ஒரு எடமும் விடாம படிச்சாத்தான் மத்த பேச்சுன்னுட்டாங்க. கண்ணாடிய வீட்லயே வச்சிட்டு வந்துட்டாங்களாம். என்னோடது பத்தல, மேனேஜர் கண்ணாடியையும் போட்டுப் பாத்தாச்சு. இங்க யாருக்கிட்டயாச்சும் இருந்தா தரச் சொன்னாங்க."

முத்தையனுக்கு அந்த ஒப்பந்தத்தைத் தான் படித்தோமா என்று சந்தேகம் வந்தது. படிக்கவில்லை. சுருக்கத்தைச் சொன்னார்கள், கேட்டுக்கொண்டார். செல்லக்கண்ணு படித்திருக்கவே மாட்டார் என்பது அவருக்குத் தெரியும். இதை நாற்பது பேரில் ஒருத்தியாவது படித்துப் பார்க்க விரும்புவாள் என்பது அவர்கள் இருவருடைய யோசனையிலும் எந்தக் கட்டத்திலும் வரவில்லை. வெட்கமாக இருந்தது. மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்து இஃபாத்திடம் கொடுத்தார். "இந்தாங்க. தூரத்துக்கும் ஆவும், படிக்கவும் ஆவும்."

"அது பவர் ஒத்து வருமோ வராதோ" என்று செல்லக்கண்ணுவும் தன்னுடையதைக் கழற்றினார். சூளை வெக்கையில் வருடக்கணக்காக நின்று கண் கெட்டவர்கள்தான் நிர்வாகிகள் அத்தனை பேரும். ஒவ்வொருவராகக் கழற்றிக் கொடுத்தார்கள். சாலையில் போன பஸ்ஸுக்காக இஃபாத் சற்று நின்று, இரண்டு கையிலும் கண்ணாடிகளை ஏந்திக்கொண்டு ஜாக்கிரதையாக எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்தார்.

பையில் ஃபோன் அடித்தது. முத்தையன் எடுத்துக் கையை முழுநீளத்துக்கு நீட்டிப் பார்த்தார். பெயர் புழு நெளிகிற மாதிரி இருந்தது. செல்லக்கண்ணுவிடம் நீட்டினார். அவரும் கையை நீட்டிப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார், திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"புதுச்சேரியாத்தான் இருக்கும்ணே."

"தெரியுதா?"

"தெரியல."

முத்தையன் அடித்துக்கொண்டிருந்த ஃபோனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். எல்லோரும் பந்தலின் விளிம்புக்கு வந்து, கண்களைச் சுருக்கி, எதிர் ஜன்னலைப் பார்த்தபடி வரிசையாக நின்றார்கள். கட்டடம் மங்கலாக வெள்ளையாக இருந்தது. அதன் நடுவில் கொஞ்சம் பச்சை.

"எந்திரிச்சுட்டாங்களா?" என்றார் செல்லக்கண்ணு.

"இல்ல. ஒக்காந்துதான் இருக்காங்க."

"அது அந்தக்காவாண்ணே? ஜன்னல் தெரை மாதிரியும் இருக்கு."

பச்சை லேசாக அசைந்தது. காற்றாகவும் இருக்கலாம், பக்கத்தைப் புரட்டுவதாகவும் இருக்கலாம். முத்தையன் இரண்டு கட்டைவிரலாலும் இமைகளைத் தேய்த்துவிட்டு மறுபடி பார்த்தார்.